சான்றாவணமாகிய பூசணிக்காய்

நான் மீட்டர் கணக்கெடுப்பவனாக வேலை பார்த்த குடிநீர்ப் பொறுப்புக் குழு அரசைச் சேர்ந்ததா, சேராததா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாததில் வியப்பில்லை. நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். அந்தக் கேள்விக்கு விடை சொல்வதற்கென்றே சம்பளம் வாங்கியவர்களுக்கும் அது தெரியாமலிருந்தது என்பதே எழுதத் தக்கது. குழுவை நியமித்தது அரசு. கடிதத் தாளின் தலைப்பில் அரசு முத்திரை. ஆயினும், அரசு ஊழியருக்குரிய மருத்துவச் சலுகையை நாங்கள் கேட்டபோது, ‘நீங்கள் அரசு ஊழியர் அல்லர்’ என்று அதே முத்திரையின் கீழ்ப் பதில் வந்தது. அப்படியானால் தொழிலாளருக்குரிய வார விடுமுறையையாவது தாருங்கள் என்று கேட்டோம். ‘குடிநீர் வழங்குவது அரசுப் பணி, இங்கே தொழிலாளர் என்று எவரும் இலர்’ என்று இன்னொரு கடிதம் வந்தது. இரண்டு கடிதங்களிலும் கையொப்பம் ஒன்றே.

அந்தக் கையொப்பத்துக்கு உரியவர் எங்கள் நிர்வாக அதிகாரி. அவரைக் கொடியவர் என்று நான் சொல்லமாட்டேன். கொடுமைக்கு வேண்டிய சுறுசுறுப்பு அவரிடம் இல்லை. கோப்புகளைத் திறக்காமலே அவற்றின் எடையைக் கொண்டு முடிவெடுக்கும் ஆற்றல் படைத்தவர். பருத்த கோப்பு வந்தால் மாவட்டத் தலைநகரான வேலூருக்கு அனுப்புவார். மெலிந்ததாக இருந்தால் மேசை இழுப்பறையில் வைத்து, அது பருக்கும்வரை காத்திருப்பார்.

நான் எங்கள் ஊழியர் சங்கத்தின் செயலாளர். எங்கள் தலைவர் ஒரு வால்வு திறப்பவர். எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் என்ற முறையை அலுவலகம் வகுக்கும். வால்வைத் திருகும் நீண்ட இரும்புச் சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு மிதிவண்டியில் போய் அதை நடத்தி வைப்பவர் அவர். அவருடைய மனைவி அரசு மருத்துவமனையில் ஆயா. இரண்டும் பெண் குழந்தைகள். மனைவிக்கு இரவுப் பணி வரும் வாரங்களில் அவர் வீட்டிலிருந்து சோறாக்கிக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வார். பின்னர் இரண்டு நீதிமன்றங்களும் இரண்டு வக்கீல்களும் புகுந்து குழப்பிய விஷயம் அடிப்படையில் இவ்வளவுதான்: அந்த மனிதர் மாலையில் தம் வீட்டில் இருக்கவேண்டும்.

நிர்வாகத்துக்கும் எங்களுக்கும் பேச்சுவார்த்தை நடப்பதற்கு, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலைக்கும் நெல்லுக்கும் இருப்பதுபோல ஒரு பருவம் உண்டு. கார்த்திகை பிறந்ததும் அதிகாரியின் அறையில் எங்களுக்காக மடக்கு நாற்காலிகள் விரிக்கப்படும். தீபத்துக்குத் திருவண்ணாமலை கொள்ளாத கூட்டம் வரும். அத்தனை பேரும் குடிக்கவேண்டும், குளிக்கவேண்டும். அந்தச் சமயத்தில் வால்வு திறப்பவருக்கு உடம்பு சரியில்லை என்றால், அதிகாரியின் உத்தியோகத்துக்கே காய்ச்சல் கண்டுவிடும். ஆகவே அந்த மாதத்தில் மட்டும், “வாங்க, உக்காருங்க, காபி சாப்டுங்க” என்பார்; நாங்கள் நீட்டிய தாளில் கையொப்பமிடுவார். மார்கழி பிறந்ததும் நாற்காலிகள் மடங்கிப் பண்டக அறைக்குப் போய்விடும். ஒப்பந்தமும் ஏறக்குறைய அவ்விடத்துக்கே போகும். சட்டப் புத்தகங்கள் கூட்டுப் பேரம் என்று கம்பீரமாக அழைப்பது, எங்கள் ஊரைப் பொறுத்தவரையில் அந்த நாற்காலிகளின் நடமாட்டமே.

எழுபதுகளின் பிற்பகுதியில் ஒரு கார்த்திகையில் அவ்வாறு ஓர் ஒப்பந்தம் எழுதினோம். சங்க நிர்வாகிகளைச் சங்கத்தோடு கலந்து பேசாமல் வெளியூருக்கு மாற்றக்கூடாது என்பது அதில் ஒரு விதி. காபி ஆறுமுன் அதிகாரி கையொப்பமிட்டார். அதே தீபத்தன்று அவருடைய மைத்துனர் குடும்பத்தோடு வந்து இறங்கினார். மைத்துனர் தங்கிய தெருவுக்கு அன்று முறையில்லை. முறை மீறி வால்வைத் திறக்கச் சொல்லி ஆள் வந்தது. எங்கள் தலைவர் மறுத்தார்.

“ஐயா மச்சான் குளிக்கணுமாம்பா” என்றாராம் வந்தவர்.

“ஊரே கொளத்துல குளிக்குது. மச்சான் மட்டும் இன்னா, மேலேருந்து வந்தவரா?” என்றாராம் தலைவர்.

மார்கழியில் உத்தரவு வந்தது. ‘நிர்வாக நலன் கருதி’ தலைவரை அணைக்கட்டில் இருந்த எங்கள் தலைமை நீரேற்று நிலையத்துக்கு மாற்றியிருந்தார்கள். அணை ஏதோ தூர தேசத்தில் இல்லை; பேருந்து போகும் இடந்தான். ஆனால் அந்த வேலை அங்கேயே தங்கிப் பார்க்கவேண்டிய வேலை. அன்று மாலையே அவருடைய மனைவி என் வீட்டுக்கு வந்தார்.

“அண்ணா, எனக்கு நைட் டூட்டி போட்டா ரெண்டு பொண்ணுங்களையும் யாரு பாத்துப்பாங்க? பெட்டுல படுத்திருக்கிற நோயாளிங்க பக்கத்துல கொண்டுபோய்ப் படுக்க வெக்கவா? எதனா பண்ணுங்க. சங்கம் சங்கம்னு சொல்றீங்களே, இதுக்குக்கூட ஆவலன்னா அப்புறம் இன்னாத்துக்கு அது?”

கேள்வியில் நியாயம் இருந்ததால் மறுநாளே வக்கீலிடம் போனேன். எங்கள் வக்கீல் பேச்சில் சிங்கம். சட்டப் புத்தகத்தைத் திறக்கும்போது மட்டும் சற்றே பூனை. ஒப்பந்தத்தை ஒருமுறை பார்த்தார்.

“கையெழுத்து போட்டிருக்காருல்ல? அப்புறம் இன்னா? முன்சீப் கோர்ட்ல போட்டுடலாம். ஸ்டே வாங்கறது என் பொறுப்பு.”

சொன்னபடியே இடைக்காலத் தடை வாங்கிவிட்டார். தலைவர் பழையபடி இரும்புச் சாவியோடு மிதிவண்டியில் ஏறினார். இரும்புக் கடையில் வேலை செய்பவன்கூட அவரைக் கண்டால் வணக்கம் வைத்தான். நீதி இத்தனை விரைவாகக் கிடைக்கும் பொருள் என்பதை நான் அறியாமலிருந்தேன் என்று எண்ணி மகிழ்ந்தேன். நிர்வாகத்தின் பதில் மனு வந்து என் மகிழ்ச்சியைத் திருத்தியது.

அந்தப் பதில் மனுவைப் போல என்னை வியக்கவைத்த எழுத்து வேறில்லை. அதில் நிர்வாகம் கூறியதாவது: எங்கள் குடிநீர்ப் பொறுப்புக் குழு ஒரு தொழில்; அதில் வேலை செய்வோர் தொழிலாளர்; எனவே இது தொழில் தகராறு; தொழில் தகராறுக்கென்று தனி மன்றம் இருப்பதால் முன்சீப் நீதிமன்றத்துக்கு இதை விசாரிக்க அதிகாரமே இல்லை. எங்கள் அதிகாரி எங்களைத் தொழிலாளர் என்று அழைத்தது அதுவே முதல் தடவை. எங்களை வாசலுக்கு வெளியே அனுப்புவதற்காக மட்டுமே அந்த மரியாதை வழங்கப்பட்டது.

இதற்கு எங்கள் வக்கீல் எழுதிய மறுப்பு அதைவிட வியப்பு. குழு தொழிலே அன்று, அது அரசின் கைகால் போன்றது, நாங்கள் தொழிலாளரே அல்லர் என்று அவர் எழுதி என்னிடம் கையொப்பம் கேட்டார். வேலூரிலே தொழிலாளர் அலுவலரிடம் வார விடுமுறை கேட்டு நாங்கள் தொழிலாளர்கள் என்று ஏற்கெனவே மனுப் போட்டிருப்பதை நினைவூட்டினேன். “அது வேலூர்” என்றார்.

அப்போது நாங்கள் வட ஆற்காடு மாவட்டம். எதற்கும் வேலூருக்குத்தான் போகவேண்டும். வார விடுமுறை வழக்குக்காக நாங்களும் எங்கள் வக்கீலும், நிர்வாகமும் நிர்வாகத்தின் வக்கீலும் ஒரே பேருந்தில் போவோம். இரண்டு வக்கீல்களும் சட்டக் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். ஒரே இருக்கையில் அமர்ந்து பட்டாணி தின்பார்கள். போளூரில் பேருந்து தேநீருக்கு நிற்கும். முதல் தடவை போனபோது தேநீர்க் கடையில் நான் எங்கள் வக்கீலைத் தனியே அழைத்துக் கேட்டேன்.

“சார், இப்ப நாம இன்னா சொல்லப் போறோம்?”

“வேலூர்ல நாம தொழிலுய்யா.”

“திருவண்ணாமலைல?”

“அங்க நாம தொழில் இல்ல.”

நிர்வாகத்தின் வக்கீல் காதில் இது விழுந்துவிட்டது. அவர் சங்கடப்படவே இல்லை. “நானும் அப்டித்தான். அங்க நீங்க தொழில்னேன், வேலூர்ல இல்லன்னு சொல்லணும். போளூர்ல மாத்திக்கினா சரியா இருக்கும். டீ ஆறுது, குடிங்க” என்றார்.

“மெட்ராஸ் போனா?” என்று கேட்டேன்.

“அதுக்கு இன்னா, வழில ஆற்காடு இருக்கு, காஞ்சிபுரம் இருக்கு. எங்கனா மாத்திக்கலாம்” என்று எங்கள் வக்கீல் சொல்ல, இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. மாலைக்குள் திரும்பிவிட வேண்டுமே என்ற கவலை அவருக்கு.

இவர்களைக் கேலி செய்கிறேனே தவிர, குழப்பத்தை இவர்கள் கண்டுபிடித்ததாகச் சொல்ல மாட்டேன். அந்த ஆண்டுகளில் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமே ‘தொழில்’ என்ற சொல்லை ஒருமுறை விரித்தும் ஒருமுறை சுருக்கியும் பார்த்துக்கொண்டிருந்ததாகச் செய்தித்தாளில் படித்தேன். மேலே குடை விரிந்தால் கீழே நாங்கள் நனையாமலிருப்போம், சுருங்கினால் நனைவோம். எங்கள் முன்சீப்பும் அதனால் அவசரப்படாமல் வாய்தாவுக்கு மேல் வாய்தாவாகக் கொடுத்து வந்தார். நாங்கள் வாய்தாவை வெறுத்தோம். தலைவரின் மனைவி ஒருவர்தான் அதன் அருமையை உணர்ந்திருந்தார். “கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்குதா இல்லையான்னு தெரியாத வரைக்கும் இவரு வூட்ல இருக்காரு. பொறுமையா யோசிக்கட்டும், பாவம், பெரியவங்க” என்பார்.

அவ்வாறே பொறுமையாக யோசித்திருப்பார்கள். ஆயுத பூஜை வந்து கெடுத்தது.

புரட்டாசியில் நடந்த விசாரணையில் நிர்வாகத்தின் வக்கீல் ஒரு புதிய வாதத்தைக் கிளப்பினார். அரசு அலுவலகங்களில் பேரேடுகளை அடுக்கிச் சரஸ்வதி பூஜை செய்வார்கள். பட்டறைகளிலும் ஆலைகளிலும் இயந்திரத்துக்குப் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்து ஆயுத பூஜை செய்வார்கள். ஊருக்குள் இருந்த எங்கள் நீரேற்று நிலையத்தில் ஆண்டுதோறும் நடப்பது ஆயுத பூஜை. ஆகவே அது தொழில். சட்டத்தில் இப்படி ஓர் அளவுகோல் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. எங்கள் வக்கீல் எழுந்து, “ஆதாரம் உண்டா?” என்று கர்ஜித்துவிட்டு அமர்ந்தார். முன்சீப் முதன்முறையாகத் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். அதைக் கண்ட எங்கள் வக்கீலுக்கு வியர்த்தது.

வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார்: “இந்த வருஷம் பம்பு ஹவுஸ்ல பூசணிக்காயே கூடாது. நாலு நோட்டை வச்சு சரஸ்வதியக் கும்பிட்டு, சுண்டலைத் தின்னுட்டுப் போயிடுங்க. படம் கிடம் எடுத்துட்டான்னா போச்சு.”

அன்றே சங்கக் கூட்டம் கூட்டினோம். தலைவர் தலைமை தாங்கினார். ‘நமது வழக்கின் நலன் கருதி இவ்வாண்டு ஆயுத பூஜையைக் கைவிட்டு, சரஸ்வதி பூஜை மட்டும் கொண்டாடுவது’ என்ற தீர்மானத்தை நானே எழுதிப் படித்தேன். பம்பு இயக்குபவர்கள் முணுமுணுத்தார்கள். ஒரு மூத்தவர் எழுந்து, “மோட்டாருக்குப் படைக்காம எப்டிபா நாளைக்கு சுவிட்சு போடறது? கை போனா கோர்ட்டு தருமா?” என்றார். தலைவர் அவரை அதட்டி உட்காரவைத்தார். “நான் இன்னா எனக்காவ சொல்றேனா? கேசுக்காவத்தானே” என்றார். வழக்கே அவருக்காகத்தான் என்பதை யாரும் சுட்டிக்காட்டவில்லை. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. முதல் கையொப்பம் தலைவருடையது.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் அதிகாரியிடமிருந்து நீரேற்று நிலையத்துக்கு ஒரு வண்டி வந்தது. அதில் பொரி மூட்டை, கடலை, வாழைக்கன்று, சாமந்திப்பூ, கல்யாணப் பூசணி. அவர் பதவியேற்ற நாளிலிருந்து ஒரு கற்பூர வில்லைகூட எங்களுக்குத் தந்தவரில்லை. மறுநாள் காலையில் அவரே பட்டு வேட்டியோடு வந்தார். பின்னால், தேரடிப் பக்கத்தில் ஸ்டூடியோ வைத்திருந்த பாய், கேமராவும் கையுமாக வந்தார். “வருஷா வருஷம் உழைக்கறீங்க, ஒரு ஞாபகத்துக்குப் படம் இருக்கட்டும்னு தோணிச்சு” என்றார் அதிகாரி. இத்தனை அன்பை நான் அவரிடம் பார்த்ததில்லை. ஆகவே பூசணிக்காயை மெல்ல வாழைக்கன்றுக்குப் பின்னால் உருட்டிவிட்டேன்.

நாங்கள் திட்டப்படி பேரேடுகளை அடுக்கி வைத்திருந்தோம். மோட்டார் குளிப்பாட்டப்படாமல், மூலையில் முகம் கோணியதுபோல நின்றது. தலைவர் பேரேட்டுக்குக் கற்பூரம் காட்டினார். காட்டும்போதே அவர் கண் மோட்டார்மேல் போயிற்று. பிறகு தட்டை என்னிடம் கொடுத்துவிட்டு, ஒரு ஈரத்துணியை எடுத்து மோட்டாரைத் துடைக்கத் தொடங்கினார்.

“தலைவரே, இன்னா பண்றீங்க? தீர்மானம்” என்றேன் மெதுவாக.

“தொடச்சாதான் இன்னாங்கறேன்? அழுக்கா இருக்குது.”

துடைத்து முடித்ததும் சந்தனம் வைத்தார்.

“தலைவரே!”

“சும்மா இருண்ணா. ஒரே ஒரு பொட்டு. மூளியா நிக்குது பாரு.”

பிறகு மாலை போட்டார். பம்பு இயக்குபவர்கள் எல்லோரும் அருகே வந்துவிட்டார்கள். அவர்களில் யாரோ பூசணிக்காயைத் துளையிட்டுக் குங்குமம் அடைத்து அவர் கையில் கொடுத்தார். எங்கள் நிலையத்தில் பூசணி உடைப்பது எப்போதும் தலைவரின் உரிமை. அவ்வுரிமைக்கு ஒப்பந்தமும் இல்லை, நீதிமன்றமும் இல்லை. அவர் என்னைப் பார்த்துச் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: “அண்ணா, தீர்மானம் வேற, மோட்டாரு வேற.”

பாய் கேமராவைக் கண்ணில் வைத்தார். “தலைவரே, காய இன்னும் கொஞ்சம் தூக்கிப் புடிங்க, மூஞ்ச மறைக்குது” என்றார். தலைவர் தூக்கிப் பிடித்தார். சற்றுப் புன்னகையும் செய்தார். படம் மிகத் தெளிவாக விழுந்தது. முடிந்ததும் பாய், “நம்ம மெஷினுக்கும் ஒரு பொட்டு வைங்கப்பா, அதுவும் உழைக்குதுல்ல” என்று கேமராவை நீட்டினார். அதற்கும் தலைவரே வைத்தார்.

ஐப்பசியில் அந்தப் படம் நிர்வாகத் தரப்புச் சான்றாவணமாக நீதிமன்றத்தில் குறியிடப்பட்டது. முன்சீப் படத்தையும் சாட்சிக் கூண்டில் நின்ற தலைவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“படத்துல இருக்கறது நீங்கதானா?”

“நான்தாங்க.”

“கையில இன்னா?”

“பூசணிக்காய்ங்க.”

“எதுக்கு?”

“மோட்டாருக்குத் திஷ்டி சுத்தறதுக்குங்க.”

“இதெல்லாம் பண்ணக்கூடாதுன்னு உங்க சங்கத்துல தீர்மானம் போட்டதா உங்க வக்கீல் சொல்றாரே?”

“ஆமாங்க. நான்தாங்க முதல்ல கையெழுத்துப் போட்டேன்.”

நீதிமன்றமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் என் கண் வேறோர் இடத்தில் இருந்தது. முன்சீப்புக்குக் கீழே எழுத்தர் உட்கார்ந்திருந்தார். அவர்முன் இருந்த தட்டச்சுப் பொறியின் நெற்றியில் உலர்ந்த சந்தனப் பொட்டும், அதன்மேல் குங்குமமும் இருந்தன. நான் எங்கள் வக்கீலின் கறுப்பு அங்கியை இழுத்துக் காட்டினேன்.

“சார், அவங்களும் மெஷினுக்கு வச்சிருக்காங்க. அப்ப கோர்ட்டும் தொழிலா?”

அவர் பல்லைக் கடித்தார். “சும்மா இருய்யா. அவங்க வச்சா சரஸ்வதி பூஜை, நீங்க வச்சாதான் ஆயுத பூஜை. நாளைக்கும் நான் இதே கோர்ட்டுக்குத்தான் வரணும்.”

எங்கள் வக்கீல் பேசிய வாதங்களிலேயே சட்டத்துக்கு மிக நெருங்கியது அதுதான் என்று நினைக்கிறேன். அதை அவர் என் காதில் மட்டும் பேசினார்.

அடுத்து வந்த கார்த்திகையில் நாற்காலிகள் விரிந்தன. தடை உத்தரவு கையில் இருந்ததால் நாங்கள் தலைவரைப் பற்றிப் பேசவில்லை. தை மாதத்தில் தீர்ப்பு வந்தது. பக்கம் பக்கமாகப் பல மேற்கோள்கள். நடுவே ஒரு பத்தியில் பூசணிக்காய். முடிவு: குழு ஒரு தொழில், நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை, உரிய மன்றத்தில் கொடுத்துக்கொள்ளும்படி மனு திருப்பியளிக்கப்படுகிறது, தடை நீங்குகிறது. தலைவரை மாற்றியது சரியா, தவறா என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஓராண்டுக் காலம் அந்த நீதிமன்றம் தன் வீட்டின் எல்லைக் கல்லைத் தேடியிருக்கிறது. வாசலில் நின்றவனை என்ன வேண்டும் என்று கேட்கவில்லை.

தலைவர் பெட்டியோடு அணைக்குப் போனார். மனைவி இரவுப் பணி வாரங்களில் பெண்களை என் வீட்டில் கொண்டுவந்து விட்டார். என் மனைவி அவர்களுக்கும் சேர்த்து உலை வைத்தாள்; ஆனால் சங்கம் என்ற சொல்லை என் வீட்டில் யாரும் உச்சரிக்காத ஆண்டு அது.

நாங்கள் சோர்ந்துவிடவில்லை. முன்சீப் நீதிமன்றத்தில் அந்தப் படத்துக்குச் சான்றிட்ட நகல் வாங்கினோம். தலைவரின் மாற்றலைப் பற்றிப் புது மனு எழுதி, அதோடு படத்தையும் வேலூரில் தொழிலாளர் அலுவலர்முன் வைத்தோம். “பாருங்கள், நாங்கள் தொழில் என்பதற்கு நிர்வாகமே அளித்த ஆதாரம்” என்றார் எங்கள் வக்கீல், அது தம்முடைய பூசணிக்காய் என்பதுபோல. நிர்வாகத்தின் வக்கீல் போளூரிலேயே மாறிவிட்டிருந்தார். “இது சமயச் சடங்கு ஐயா. பூசணிக்காய் உடைத்தால் தொழிலாகிவிடுமா? அப்படியானால் புதுவீடு கட்டியவர் எல்லோரும் ஆலை முதலாளிகளா?” என்று கேட்டார். நல்ல கேள்வி, முன்சீப் நீதிமன்றத்தில் அதைக் கேட்க எங்களுக்குத் தோன்றாமற் போனது. தொழிலாளர் அலுவலர் சமரசம் தோல்வியுற்றது என்று அரசுக்கு அறிக்கை அனுப்பினார். இதைத் தொழிலாளர் நீதிமன்றத்துக்கு அனுப்பலாமா என்று அரசு யோசிக்க வேண்டும். அரசு யோசிக்கத் தொடங்கியது.

அது யோசித்துக்கொண்டிருக்கும்போதே கார்த்திகை பிறந்துவிட்டது.

மடக்கு நாற்காலிகள் விரிந்தன. காபி வந்தது. அந்த முறை நாங்கள் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னோம்: தலைவர் வந்தால் தீபப் பணிக்கு எல்லோரும் கையொப்பமிடுவோம், இல்லையேல் ஊரில் திடீரென்று பலருக்குக் காய்ச்சல் வரக்கூடும். அதிகாரி நெற்றியைத் தேய்த்தார்.

“விஷயம் கவர்மென்ட் கிட்ட இருக்குது. நான் எப்படி உத்தரவை ரத்து பண்றது? ரத்து பண்ணா நான் தப்புன்னு ஆயிடுமே.”

“ரத்து பண்ண வேணாங்க. அப்டியே இருக்கட்டும். ஆளை மட்டும் அனுப்புங்க” என்றார், பூஜைத் தீர்மானக் கூட்டத்தில் எழுந்து பேசிய அந்த மூத்த பம்புக்காரர்.

அதிகாரியின் முகம் மலர்ந்தது. அவருடைய மூளைக்கு ஏற்ற உருவில் ஒரு தீர்வு கிடைத்துவிட்டது. தலைவரின் தலைமையிடம் அணைக்கட்டாகவே நீடிக்கும்; ஆனால் ‘திருவிழாப் பணி நிமித்தம், மறு உத்தரவு வரும்வரை’ அவர் திருவண்ணாமலையில் தற்காலிகமாக வேலை செய்வார். காபி ஆறுமுன் கையொப்பமாகியது. மறுநாள் மாலை தலைவர் தம் வீட்டு வாசலில் மிதிவண்டியை நிறுத்தினார்.

மார்கழியில் நாற்காலிகள் மடங்கின. எனினும் மறு உத்தரவு வரவில்லை. ஏனெனில் அதிகாரிக்கே மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. தமக்கு எந்த நீதிமன்றம் என்ற ஐயம் அவருக்கு ஒரு கணமும் எழவில்லை. நேரே சென்னைக்குப் போய் உயர் நீதிமன்றத்தில் தடை கேட்டார். கிடைக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்வதில் எனக்கு அடக்கமான மகிழ்ச்சி உண்டு. புதிதாக வந்த அதிகாரி தலைவரின் கோப்பைக் கையில் தூக்கிப் பார்த்தார். அது நன்றாகப் பருத்திருந்தது. “வழக்குல இருக்கறதை நான் தொடமாட்டேன். எப்படி இருக்குதோ அப்படியே இருக்கட்டும்” என்று கீழே வைத்தார். அவருக்குப் பின் வந்தவர்களும் அப்படியே வைத்தார்கள். தலைவர் அணைக்கட்டின் ஊழியராக, திருவண்ணாமலையில், தற்காலிகமாக, எண்பதுகள் பெரும்பாலும் கழியுமட்டும் வால்வு திறந்தார். பெண்கள் வளர்ந்தார்கள், பெரியவளுக்குத் திருமணமும் ஆயிற்று.

இடையில் அரசு யோசித்து முடித்தது. சென்னைத் தொழிலாளர் நீதிமன்றம் விசாரித்தது. பூசணிக்காய்ப் படம் அங்கும் போனது. ஓரங்கள் சுருண்டு, தலைவரின் புன்னகை மட்டும் மிஞ்சியிருந்தது. குழு தொழிலே என்றும், தகராறு தொழில் தகராறே என்றும், தனக்கு முழு அதிகாரம் உண்டென்றும் அந்நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்தது. ஆனால் மனுதாரர் ஏற்கெனவே திருவண்ணாமலையிலேயே வேலை செய்வதால், பிறப்பிக்க உத்தரவு எதுவும் இல்லை என்று முடித்தது. இரண்டு வக்கீல்களும் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டனர். திரும்பும் வழியில் காஞ்சிபுரத்தில் இட்டிலி சாப்பிட்டோம். மாற்றிக்கொள்ள எவருக்கும் எதுவும் மீதியில்லை.

தலைவர் ஓய்வு பெறும் நாள் வந்தபோது அலுவலகத்தில் ஓர் ஐயம் எழுந்தது. அவருடைய தலைமையிடம் அணைக்கட்டு. ஆகவே அங்கே போய்ச் சாவியை ஒப்படைத்து, அங்கிருந்துதான் ஓய்வு பெறமுடியும். ஓய்வு பெறுவதற்காக அவர் பேருந்து ஏறினார். அவருடைய மனைவியும், மாலை வாங்கிக்கொண்டு நானும் உடன் போனோம். அவர் அங்கே தனியே இருந்த ஆண்டில் அந்த அம்மாள் ஒருமுறைகூட அங்கு வந்ததில்லை. வேலையும் பிள்ளைகளும் விடவில்லை.

நீரேற்று நிலையத்தில் சாவியை வாங்கிக்கொண்டு ஓர் இளநிலை எழுத்தர் ரசீது எழுதினார். வழியனுப்பு விழா அவ்வளவே. பிறகு அணையின் பூங்காவில் உட்கார்ந்தோம். மதகில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. கடைகளில் மீன் பொரித்தார்கள். காற்று நன்றாக வீசியது. அந்த அம்மாள் சுற்றிலும் பார்த்தார். பூச்செடிகளைப் பார்த்தார், நீரைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார்.

“இந்த எடத்துக்கா வரமாட்டேன்னு மெட்ராஸ் கோர்ட்டு வரைக்கும் போனீங்க? நல்லாத்தானே இருக்குது.”

தலைவர் முள்ளெடுத்து மீனை அவர்முன் வைத்தார்.

“எடம் நல்லாத்தான் இருக்குது. நானா வந்திருந்தா.”

“இப்ப நீங்களாவா வந்தீங்க? ரிட்டயர் ஆவணும்னா வான்னு அவன்தான் கூப்ட்டான்.”

அவர் விரல்களைத் துடைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, “அண்ணா, இதுக்கு எந்தக் கோர்ட்டு?” என்றார். அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். நான் பதில் சொல்லுமுன், தலைவர் கடைசிப் பேருந்துக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். இருட்டுமுன் வீட்டுக்குப் போய்விட வேண்டுமாம்.